ரொட்டிக்கும் உப்புக்கும் வாங்கிய பெயர்

அகொராஸ்தி என்றால் விலைக்கு வாங்கியவள். அந்தப் பெயரில் புனிதர் யாரும் கிடையாது. கோயில் நாட்காட்டியை முன்னும் பின்னும் புரட்டினாலும் அகப்படாது. கிஸ்ஸாவோஸ் மலையைச் சுற்றியுள்ள ஊர்களில், பிள்ளை தங்காத வீட்டார் சாவின் கண்ணைக் கட்டுவதற்காக உண்டாக்கிக்கொண்ட பெயர் அது. பிறந்த பிள்ளையை இன்னொருத்திக்கு விற்றுவிடுவார்கள். உயிரெடுக்கிற ஹாரோஸ் கறுப்புக் குதிரையில் வந்து வாசலில் நின்று, இந்த வீட்டுப் பிள்ளை எங்கே என்று கேட்டால், எங்களுக்கு ஏது பிள்ளை, அது அவர்கள் வாங்கினது என்று கையை விரித்துவிடலாம். ஆணானால் அகொராஸ்தோஸ், பெண்ணானால் அகொராஸ்தி.

அப்படிப் பிழைத்தவர்கள் கல்யாணம் கட்டிப் பிள்ளை பெற்றார்கள். பேரப்பிள்ளைக்குத் தாத்தா பெயரை வைப்பதுதானே முறை, அதனால் பெயர் இறங்கிக்கொண்டே போனது. ஆற்றங்கரை ஊரில் ஒரே கூட்டத்தில் பல அகொராஸ்தோஸ்கள் இருந்தார்கள். அவர்களில் கிழவர் ஒருவரைத்தான் மெய்யாகவே வாங்கியது; மற்றவர்களை யாரும் விற்கவுமில்லை, வாங்கவுமில்லை. அதில் ஒருவன் வோலோஸ் துறைமுகத்துக்கு மூட்டை தூக்கப் போய் அங்கே ஒரு பேரனுக்கு அந்தப் பெயரை விட்டுவிட்டு வந்தான். மற்றபடி மலையைவிட்டு இறங்கினால் சிரிப்புதான். லாரிஸா நகரத்து ஜவுளிக்கடைக்காரன் ஒருமுறை மேல்தெரு அகொராஸ்தியிடம், "என்ன பேரு சொன்னீங்க? வாங்கினதா? ரசீது வச்சிருக்கீங்களா?" என்று கேட்டான். கடையில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். அகொராஸ்தியும் சிரித்தாள். வீட்டுக்கு வந்து அந்தத் துணியைத் தைக்காமல் பெட்டியில் போட்டுவிட்டாள்.

இவள் மெய்யாகவே வாங்கப்பட்டவள்.

மேல்தெரு ஆட்டுக்காரர் ஸ்தெர்யோஸும் லாம்ப்ரினியும் இவளைப் பெற்றவர்கள். இவளுக்கு முன் பிறந்ததெல்லாம் பல் முளைக்கும் முன்னே போய்விட்டது. எதிர்வீடு மாவு ஆலைக்காரன் வீடு. அவன் மனைவி அசிமோ. லாம்ப்ரினியின் அம்மாவைப் பெற்றவளும் அசிமோவின் அப்பாவைப் பெற்றவளும் கூடப்பிறந்தவர்கள், ஆனால் ஒரு அக்ரூட் மரத்துக்காகச் சண்டை போட்டு ரெண்டு தலைமுறை பேச்சில்லாமல் இருந்த குடும்பம். அந்தப் பேச்சு திரும்பியதே இந்தப் பிள்ளையால்தான்.

போர் வருவதற்குச் சில வருஷம் முந்தி, பனி விழத் தொடங்கிய மாதத்தில் இவள் பிறந்தாள். ஊரில் யாரும் வாங்க முன்வரவில்லை. வாங்குகிறவள் வீட்டை ஹாரோஸ் தேடிவருவான் என்ற பயம். அசிமோ தானாக எழுந்து வந்தாள். வாசல் வழியாக வரவில்லை. வாசலைத்தான் ஹாரோஸ் பார்த்துக்கொண்டிருப்பான். ஜன்னலுக்கு வெளியே பனியில் நின்று, ஒரு ரொட்டியும் ஒரு கைப்பிடி உப்பும் உள்ளே நீட்டினாள். லாம்ப்ரினி பிள்ளையை வெளியே நீட்டினாள். "யாரோடது?" என்று உள்ளேயிருந்து கேட்டார்கள். "என்னோடது. நான் வாங்கினேன்," என்றாள் அசிமோ. வழக்கப்படி மூன்று ராத்திரி தன் கூரைக்கடியில் வைத்திருந்து, நாலாம் நாள் பால் கொடுக்கிற கூலிக்காரியிடம் ஒப்படைப்பதுபோல லாம்ப்ரினியிடம் ஒப்படைத்தாள்.

அந்த வாரமே அசிமோவின் சொந்த மகள் ஹாய்தோ தொண்டை அடைத்துச் செத்தாள். நடந்து, ஓடி, பாட்டுப் பாடுகிற வயது.

இவள் பிழைத்தாள்.

பெற்றவளை அம்மா என்றும் வாங்கியவளை ஆத்தா என்றும் கூப்பிட்டு வளர்ந்தாள் அகொராஸ்தி. ரெண்டு வீட்டுச் சோறு. ஆத்தா வீட்டில் சாமிப் படத்துக்குப் பின்னால் ஒரு ஜோடி சின்னக் கம்பளிக் காலுறை தொங்கும். அது யாருடையது என்று கேட்டால் ஏதாவது வேலை சொல்லி அனுப்பிவிடுவார்கள். பதில் ஊற்றடியில் கிடைத்தது. குடத்தை வைத்துக்கொண்டு நின்றவளைப் பார்த்து, தச்சன் மகள் கரூஃபோ, வாய்க்கு அளவில்லாதவள், பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள்:

"பாரேன் இவள. வாங்கின சரக்கு வளந்து நிக்குது, சொந்தச் சரக்கு மண்ணுக்குள்ள கெடக்கு. ஹாரோஸ் வெலாசம் மாறி வந்துட்டான்."

"சும்மா இருடி, புள்ள காதுல விழுது."

"விழட்டுமே. பொய்யா சொல்றேன்?"

அன்றைக்குக் குடத்தில் பாதிதான் தண்ணீர் வீடு வந்து சேர்ந்தது.

அதிலிருந்து அசிமோ வீட்டைத் தாண்டும்போது அகொராஸ்தி சத்தமாகச் சிரிக்கமாட்டாள். புதுப் பாவாடை கட்டினால் அந்தத் தெருவை விட்டுவிட்டு ஆட்டுப் பாதையில் சுற்றிக்கொண்டு போவாள். முட்டையில் மஞ்சள் கரு ரெண்டு இருந்தால் ஆத்தாவுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவாள். ஆலைக்கு விறகு, ஆத்தாவுக்குத் தண்ணீர், வெளுக்க ஊறவைத்த துணி, எல்லாவற்றிலும் முதல் கை இவளுடையது. அவள் மனசில் எப்போதும் ஒரு கணக்கு ஓடும்: ஹாய்தோ இருந்திருந்தால் இந்நேரம் பின்னல் போட்டிருப்பாள், இந்நேரம் மாப்பிள்ளை பார்த்திருப்பார்கள். இவள் கல்யாணத்துக்கு அசிமோ ஒரு சிவப்புக் கம்பளி நெய்து கொடுத்தாள். ஹாய்தோ தொட்டிலில் கிடந்தபோதே அவளுக்கென்று நூற்ற நூல் அது. அதைப் போர்த்திக்கொண்டு அகொராஸ்திக்கு ஒருநாள்கூட உடம்பு சூடேறவில்லை.

எல்லாவற்றையும்விடப் பெரிய வேதனை அவள் பெயர்நாள். அங்கே பிறந்தநாளைவிடத் தன் பெயருள்ள புனிதரின் திருநாளைத்தான் தன் நாளாகக் கொண்டாடுவார்கள். புனிதர் இல்லாத பெயர்க்காரர்களுக்கெல்லாம் சகல புனிதர் ஞாயிறுதான் பெயர்நாள். வருஷா வருஷம் அன்று காலையில் அசிமோ வருவாள். கறுப்பு முக்காடு, கையில் துணியில் சுற்றின ரொட்டி, மேலே ஒரு முடிச்சு உப்பு. "உன் நாளு," என்பாள். உட்காரமாட்டாள். காப்பி குடிக்கமாட்டாள். போய்விடுவாள். ரொட்டிக்கும் உப்புக்கும் உன்னை வாங்கினேன், கடைசியில் என்ன விலை கொடுத்தேன் பார்த்துக்கொள் என்று அந்த ரொட்டி சொல்வதாக அகொராஸ்திக்குத் தோன்றும். அதை விண்டு வாயில் வைக்க அவளால் முடிந்ததே இல்லை. ரொட்டியை எறிவது பாவம். சிலுவை போட்டுக்கொண்டு, தண்ணீரில் ஊறவைத்துக் கோழிக்குப் போடுவாள்.

ஹாய்தோ போன பிறகு பல வருஷம் கழித்து அசிமோவுக்கு ஒரு பையன் பிறந்தான். ஸீஸிஸ் என்று பேர். பிழைத்திரு என்று அர்த்தம். அதுவும் பயத்தில் பிறந்த பெயர்தான். பிழைத்தான். அப்பாவுக்குப் பிறகு ஆலையைப் பார்த்தான். சமவெளியிலிருந்து எவான்தியா என்ற பெண்ணைக் கட்டிக்கொண்டு வந்தான். அவர்களுக்கு முதல் பிள்ளை பெண்ணாகப் பிறந்தது. அப்போது அகொராஸ்தியின் புருஷன் திமியோஸ் ஜெர்மனியில் டயர் தொழிற்சாலையில் இருந்தான். அவளுக்கு வீட்டில் மகள் பகோனா மட்டும்தான், ஒரே மகள், நீளக்காலி, ஓட்டத்தில் பையன்களை முந்துகிறவள்.

ஸீஸிஸ் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றான்.

"அக்கா, பிள்ளைக்கு நீதான் ஞானத்தாய். ஞானஸ்நானத்தையும் உன் பெயர்நாள்லயே வச்சிக்கலாம்னு பாதிரியார்கிட்டச் சொல்லிட்டேன்."

"நானா? ஊர்ல வேற ஆளே இல்லியா?"

"ஆத்தா சொன்னது. அது ஒரு சொல் சொன்னா நான் ரெண்டாஞ் சொல் கேக்க முடியுமா?"

"பேரு? உங்க ஆத்தா பேரைத்தான வைக்கணும்?"

ஸீஸிஸ் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "வேண்டாங்குது. என் பேரு என்னோட போகட்டும், ஞானத்தாய் வாயில என்ன வருதோ அதுதான் பேருங்குது. நீ என்ன சொன்னாலும் எனக்குச் சரிதான் அக்கா."

அவன் போனதும் அகொராஸ்தி அடுப்படியில் உட்கார்ந்துவிட்டாள். ஆத்தா தன் பெயரை வேண்டாம் என்கிறாள். தன்னை ஞானத்தாய் ஆக்குகிறாள். இதற்கு ஒரே அர்த்தம்தான் அவளுக்குத் தெரிந்தது. செத்துப்போனவர்கள் பெயரை மறுபடி கூப்பிட ஆள் வந்தால், பெயர் எழுந்தது என்பார்கள். ஹாய்தோவின் பெயர் இத்தனை வருஷமாக எழுந்திருக்கவில்லை. அதை எழுப்பி ஆத்தா கையில் கொடுத்தால், இத்தனை நாள் கழுத்தை அழுத்திக்கொண்டிருந்தது கொஞ்சமாவது இறங்காதா?

எவான்தியா மட்டி இல்லை, இதை ஊகித்துவிட்டாள். ஓடையில் துணி துவைக்கிற இடத்துக்கு, பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

"மதினி, உங்க காலைப் புடிச்சிக் கேக்கறேன். அந்தப் பேரு வேண்டாம்."

"எந்தப் பேரு?"

"உங்களுக்குத் தெரியும். எங்க ஊர்ல சின்னதுல போனதுங்க பேரைத் தொடவே மாட்டாங்க. பாதி கடிச்சு வச்ச ஆப்பிள யாராவது புள்ள கையில குடுப்பாங்களா?"

"உங்க மாமியாருக்குன்னு ஒரு ஆசை இருக்காதா?"

"வாயத் தொறந்து கேட்டாங்களா?"

"கேக்கமாட்டா. அவ கேக்கற ரகம் இல்ல."

"அப்ப நான் கேக்கறேனே, அது உங்க காதுல விழலியா மதினி?"

பக்கத்துக் கல்லில் போர்வையை அடித்துக்கொண்டிருந்த கரூஃபோ, வயசானாலும் வாய் வயசாகாதவள், "நல்லா கேட்ட போ! இவ காது எப்பவும் செத்தவங்க பக்கம்தான் தொறந்திருக்கும்," என்றாள்.

அகொராஸ்தி துணியைப் பிழிந்தாள். "யோசிக்கிறேன்," என்று மட்டும் சொன்னாள். தன் கழுத்துச் சுமையை இன்னொருத்தி பிள்ளையின் தலையில் இறக்கிவைக்கப் பார்க்கிறோமோ என்று அப்போதே ஒரு குத்தல் இருந்தது. இருந்தும் அந்தக் குத்தல் பழைய குத்தல் அளவுக்கு ஆழமில்லை. புதியதுதானே.

சகல புனிதர் ஞாயிறு வந்தது. காலையில் அசிமோ வழக்கம்போல வந்தாள், ரொட்டியும் உப்பும் கொடுத்து, "உன் நாளு," என்றாள். திரும்பிப் போகும்போது மட்டும் ஒரு கணம் வாசலில் நின்றாள். எதையோ சொல்லப் போகிறாள் என்று அகொராஸ்தி காத்திருந்தாள். அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு இறங்கிப் போனாள். ரொட்டி மேசையில் துணியோடு இருந்தது.

ஞானஸ்நானத்துக்குப் பெற்றவள் கோயிலுக்கு வரக்கூடாது. எவான்தியா வீட்டில் இருந்தாள், கூடத் துணைக்கு அசிமோ. கோயிலில் அகொராஸ்தி பிள்ளையைத் தாங்கிக்கொண்டு மேற்கே திரும்பிச் சாத்தானை மறுத்துத் துப்பினாள், கிழக்கே திரும்பி விசுவாசப் பிரமாணம் சொன்னாள். பிள்ளைக்கு எண்ணெய் பூசினாள். வழுக்கிக்கொண்டு போகிற அந்தச் சின்ன உடம்பைப் பாதிரியார் வாங்கித் தொட்டிக்கு மேலே பிடித்துக்கொண்டு கேட்டார்:

"என்ன பேர்?"

வாசலில் ஊர்ப் பிள்ளைகள் ஒரு காலை வெளியே வைத்துக்கொண்டு நின்றார்கள். பெயரை முதலில் ஓடிப்போய்த் தாயிடம் சொல்கிறவர்களுக்குச் சர்க்கரை வாதுமையில் கூடப் பங்கு.

"ஹாய்தோ," என்றாள் அகொராஸ்தி.

மூன்று முறை தண்ணீரில் முக்கியெடுத்தாயிற்று. தண்ணீரில் விழுந்த பெயரை வெளியே எடுக்க முடியாது. ஸீஸிஸ் கையிலிருந்த மெழுகுவர்த்தி சாய்ந்து மெழுகு அவன் காலில் சொட்டியது, அவன் கவனிக்கவில்லை. பிள்ளைகள் கூச்சல் போட்டுக்கொண்டு ஓடினார்கள். முன்னால் பகோனா.

ஸீஸிஸ் வீட்டு முற்றத்தில் மேசைகள் போட்டிருந்தன. ஆட்டிறைச்சி, கீரை அப்பம், சிப்பூரோ சாராயம் எல்லாம் தயார். ஆனால் அகொராஸ்தி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தபோது யாரும் கோப்பையைத் தொட்டிருக்கவில்லை. வழக்கப்படி பெற்றவள் ஞானத்தாயின் கையை முத்தமிட்டுப் பிள்ளையை வாங்கிக்கொள்ள வேண்டும். எவான்தியா பிள்ளையை வாங்கினாள். கையைத் தொடவில்லை.

"உங்களுக்கு ஒரு புள்ளதான் மதினி. எனக்கும் ஒண்ணுதான்," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அது அகொராஸ்தியின் நெஞ்சில் போய் நின்றது.

அவள் கண் ஆத்தாவைத் தேடியது. இவ்வளவும் அவளுக்காகத்தானே. அசிமோ பின்பக்கம் அடுப்புக் கூண்டருகே சாம்பல் கிளறிக்கொண்டிருந்தாள். அதில் கிளற ஒன்றுமில்லை. நெருப்பு எப்போதோ அணைந்திருந்தது.

"ஆத்தா, பேரு எழுந்திரிச்சிருச்சு."

அசிமோ திரும்பவில்லை. "ஏ பொண்ணே, யாரு கேட்டா உன்னை?"

"நீ உன் பேரு வேண்டாம்னியே. என்னை ஞானத்தாயா வைக்கச் சொன்னியே. நான் என்ன நினைக்கிறது?"

"உன் பேரைச் சொல்லுவன்னு நெனச்சேன். ஞானத்தாய் தன் பேரைக் குடுக்கறதுண்டுல்ல. இந்த வீட்டுல அகொராஸ்தின்னு ஒருத்தியக் கூப்பிட்டுட்டு நான் கண்ண மூடணும்னு இருந்தேன்." கரண்டியைக் கீழே வைத்தாள். "அந்தப் பேரைச் சொல்லி நான் மன்னிப்புக் கேக்கணும். உன் மூஞ்சியப் பாத்துக் கேக்க எனக்கு வாய் வரல. புள்ளயப் பாத்தாவது தெனம் கேக்கலாம்னு."

"நீ என்கிட்டயா? என்னாலதான ஆத்தா ஹாய்தோ..."

"மூடு வாய."

முற்றத்துச் சத்தமெல்லாம் தூரத்தில் கேட்டது. அசிமோ சாம்பல் படிந்த கையை மடியில் துடைத்துக்கொண்டு, சுவரைப் பார்த்தே பேசினாள்.

"உன்னை வாங்க வந்த அன்னிக்குக் காலையிலயே அவளுக்குச் சூடு. தொண்டையில வெள்ளை. கீழ் ஊர்ல புள்ளைங்க சாவறது எனக்குத் தெரியும். உங்கம்மாவுக்கு இரக்கப்பட்டு வந்தேன்னுதான் ஊரு சொல்லுது. ஹாரோஸ் என் வீட்டுக்கு வரத்தான் போறான், வந்தா ரெண்டு புள்ளயப் பாக்கட்டும், ரொட்டிக்கு வாங்கினத எடுத்துக்கிட்டுப் போகட்டும்னு வந்தேன். உன்னை வாசப் பக்கம் போட்டேன். அவளச் செவுத்துப் பக்கம் போட்டேன். மூணு ராத்திரி. பொறந்து கண்ணு தொறக்காத உன்னை, அந்தச் சூட்டுக்குப் பக்கத்துல. அவன் உன்னைத் தாண்டிக்கிட்டுப் போயி அவளை எடுத்தான்."

"அப்ப அந்த ரொட்டி?" என்று கேட்டாள் அகொராஸ்தி.

"அது எனக்கு. வருஷத்துல ஒரு நாளாவது அதை என் கையாலயே சுடணும். நீ தின்னியா இல்லியான்னு நான் கேட்டதே இல்ல."

கோழிக்குப் போட்ட ரொட்டிகளெல்லாம் அகொராஸ்தியின் கண்முன் வந்து போயின. ஒருத்தி பாவம் தீர்க்கச் சுட்டதை, இன்னொருத்தி பாவம் என்று நினைத்துத் தின்னாமல் இருந்திருக்கிறாள். கோபம் வரவேண்டிய இடம் அது. வந்தது. ஆனால் அதைக் காட்ட நேரம் கிடைக்கவில்லை, ஏனென்றால் முற்றத்துப் பக்கமிருந்து எவான்தியா கத்துவது கேட்டது.

"வித்துடறேன்! யாராவது வாங்குங்க! அந்தப் பேரை அவனுக்குத் தெரியும், இந்த வாசலும் அவனுக்குத் தெரியும். யாராவது வாங்குங்க என் புள்ளய!"

பிள்ளையை அணைத்துக்கொண்டு, முற்றத்தைப் பார்த்த ஜன்னலுக்குள்ளே நின்றிருந்தாள். விருந்துக்கு வந்த பெண்கள் ஒவ்வொருவராகக் கண்ணைத் தாழ்த்தினார்கள். ஒருத்தி தன் பிள்ளையை முக்காட்டுக்குள் இழுத்துக்கொண்டாள். கரூஃபோகூட, "எனக்கு வயசாச்சும்மா, நான் வாங்கினா யாரு பாத்துக்கறது," என்று முதல்முறையாக மெல்லப் பேசினாள்.

எல்லோரும் அகொராஸ்தியைப் பார்த்தார்கள்.

பகோனா வாதுமையை வாயில் அடக்கிக்கொண்டு மேசையோரம் நின்றாள். ஓடிவந்த வேர்வை இன்னும் கழுத்தில் இருந்தது. மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். இவள் கூரைக்கடியில் அந்தப் பிள்ளை வந்தால் ஹாரோஸும் வருவான். வந்தால் ரெண்டு பேரைப் பார்ப்பான். வாசல் பக்கம் ஒன்று, சுவர்ப் பக்கம் ஒன்று.

அந்த நினைப்பு அவளுக்கே வந்துவிட்டது. யாரும் சொல்லிக்கொடுக்காமல், ஆத்தாவுக்கு வந்த மாதிரியே, அதே வார்த்தைகளில். தன் பிள்ளை சுவர்ப் பக்கம். ஆத்தாவின் மேல் வந்த கோபத்துக்கு இனி நிற்க இடமில்லாமல் போயிற்று.

"இரு, வரேன்," என்று எவான்தியாவிடம் சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தாள். ஓடிப்போனால் ஓடிவிட்டாள் என்று நினைப்பார்களே என்று நடந்தாள். மேசைமேல் துணியோடு இருந்தது அன்றைய ரொட்டி. வேறு ரொட்டி வீட்டில் இல்லை. அதையும் உப்பு முடிச்சையும் எடுத்துக்கொண்டு திரும்பினாள். ஜன்னலுக்கு வெளியே, வெயிலில் நின்றாள்.

"என்ன குடுக்கற?" என்று எவான்தியா கேட்டாள். கேட்டாக வேண்டும்.

"ரொட்டி. உப்பு."

பிள்ளை ஜன்னல் வழியே வெளியே வந்தது. எண்ணெய் வாசனை இன்னும் போகவில்லை.

"யாரோடது?" உள்ளேயிருந்து ஸீஸிஸின் குரல் உடைந்து வந்தது.

"என்னோடது. நான் வாங்கினேன். பேரு அகொராஸ்தி."

பெண்கள் தூ தூ என்று கண்ணேறு கழித்தார்கள். யாரோ முதல் கோப்பையைத் தூக்கினார்கள். எவான்தியா ரொட்டியை விண்டு வாயில் போட்டுக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே எட்டி அகொராஸ்தியின் கையைப் பிடித்து முத்தமிட்டாள். அந்தக் கை முத்தத்துக்கு உரியதில்லை என்று அகொராஸ்திக்குத் தெரியும். இழுத்துக்கொள்ளவும் முடியவில்லை; அதில் பிள்ளை இருந்தது.

வெயில் தணிவதற்குள் அகொராஸ்தி வீட்டில் படுக்கையை விரித்தாள். ஒரே கட்டில். பகோனா, "அம்மா, நான் எங்க படுக்கறது? பாப்பா எங்க?" என்று நச்சரித்துக்கொண்டிருந்தாள். அகொராஸ்தி சிவப்புக் கம்பளியை எடுத்துச் சுவரோரம் மடித்துப் போட்டாள். பகோனாவைச் சுவரோரம் படுக்கச் சொன்னாள், பிள்ளையையும் அவளுக்கு இடிக்காமல் சுவரோரமே கிடத்தினாள். வாசல் பக்கம் தன் தலையணையை வைத்தாள்.

கறுப்பு முக்காடு வாசற்படியில் வந்து நின்றது. அசிமோவுக்கு அந்த வீட்டில் உட்கார்ந்து பழக்கமில்லை. விரித்த படுக்கையைப் பார்த்தாள். சுவர்ப் பக்கம் ரெண்டு பிள்ளைகள், வாசல் பக்கம் ஒரு தலையணை.

"எனக்கு இது தோணலியே, பொண்ணே," என்றாள்.

"எனக்கும் மொதல்ல தோணல ஆத்தா," என்றாள் அகொராஸ்தி. "மொதல்ல உனக்குத் தோணினதுதான் தோணிச்சு."

அசிமோ படியில் உட்கார்ந்தாள். அன்றைக்குத்தான் முதல்முறையாகக் காப்பி கேட்டாள்.

பிள்ளை பிழைத்தது. கோயில் வரைக்கும் ஹாய்தோ, தெருவில் அகொராஸ்தி. பின்னாளில் வோலோஸில் வாழ்க்கைப்பட்டுப் போனாள்; அங்கே மூட்டைக்காரனின் பேரன் அகொராஸ்தோஸ் அவளுக்குக் கொழுந்தனாக வந்தான். ரெண்டு பேரில் வாங்கப்பட்டவர் யார் என்று கல்யாணப் பந்தியில் கேலி நடந்தது. பெரிய அகொராஸ்தி அந்தக் கேலிக்குச் சிரித்தாள். ஆனால் தன்னைக் கும்பிட்டு, "இவளைக் காப்பாத்துன மனுஷி" என்று சம்பந்திகள் சொன்னபோது, எழுந்து பாத்திரம் கழுவப் போய்விட்டாள். ஒவ்வொரு சகல புனிதர் ஞாயிற்றுக்கும் தன் கையால் ஒரு ரொட்டி சுட்டு, உப்போடு வோலோஸ் போகிற பஸ்ஸில் கொடுத்தனுப்புவாள். சின்னவள் அதைத் தின்றாளா, கோழிக்குப் போட்டாளா என்று அவள் கேட்டதில்லை.